டம்ளர் சூரியன்கள்

ஒன்றே முக்காலுக்குக் குழந்தைகள் எல்லாரும் தூங்கியிருந்தார்கள். மூன்று மணிக்குப் பெற்றோர் வருவார்கள். கலர் பேப்பர் பறக்காமலிருக்க ரிஃபானா மின்விசிறியைக் குறைத்தாள். பாய்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் அவளும் ஆயா குழந்தையம்மாளும் உட்கார்ந்தார்கள். யு.கே.ஜி. பிள்ளைகள் காலையில் ஒட்டிய அட்டைகள் அடுக்காகக் கிடந்தன. சதுரம் வீடு, முக்கோணம் கூரை, செவ்வகம் கதவு, வட்டம் சூரியன். பல வீடுகளில் கூரை தரையில் நின்றது. ஒரு சூரியனைச் சுற்றிலும் எலி கடித்தது போலக் கத்தரித் தடம். ஒருவன் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவிட்டு, வீட்டில் எல்லாரும் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள் என்று சொல்லியிருந்தான்.

ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். கண்காட்சிக்குப் பிள்ளைகள் காலையில் செய்வார்கள், மிஸ்கள் மதியம் செய்வார்கள். சுவரில் மதியம் செய்ததுதான் ஏறும். யாரும் இதை ஒரு விதியாகச் சொன்னதில்லை. ரிஃபானா வேலைக்குச் சேர்ந்த வருடம் பக்கத்து வகுப்பு மிஸ் செய்ததைப் பார்த்துச் செய்தாள். பிறகு பழகிவிட்டது.

குழந்தையம்மாள் தண்ணீர் டம்ளரை மஞ்சள் தாளில் கவிழ்த்துப் பென்சிலால் சுற்றினாள்.

"நம்ம பள்ளிக்கூடத்துச் சூரியனெல்லாம் ஒரே டம்ளருல பொறந்ததுங்க மிஸ்."

"மெதுவா பேசுங்க ஆயா. எந்திரிச்சுப் போடுவாங்க."

"எந்திரிச்சா என்னங்க? அதுகளுக்குத் தெரியாதாக்கும்."

ரிஃபானா வெட்டி ஒட்டினாள். ரொம்பவும் நேராக இருந்தால் பெற்றோருக்குச் சந்தேகம் வரும். அதனால் கூரையை ஒரு நூல் தள்ளி வைத்தாள். ஓரத்தில் பசைக் கையால் ஒரு விரல் ரேகை. எவ்வளவு கெடுத்தால் குழந்தை செய்தது போலிருக்கும் என்பது கைக்குப் பழகியிருந்தது. கீழே பெயரை இடது கையால் எழுதினாள். கழுத்து வலித்தது. பிள்ளைகள் செய்த அட்டைகளை ஆயா கோணிப்பையில் திணித்தாள்.

ரித்திகாவின் அட்டையை மட்டும் ரிஃபானா முழங்காலுக்கடியில் வைத்திருந்தாள்.

குறைமாதத்தில் பிறந்த பெண். வலது கை விரல்கள் சொன்னபடி மடங்காது. சனிக்கிழமைதோறும் அவள் அப்பா சுரேந்தர் கிழங்கு மண்டியை ஆளிடம் விட்டுவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்குத் தெரபிக்குக் கூட்டிப் போவார். போகும் வழியெல்லாம் பிள்ளை அழும். கத்தரியை அவள் விரல்களில் மாட்டிவிடவே ரிஃபானாவுக்குத் தீபாவளி வரை ஆனது. பிறகு திறக்க, பிறகு மூட. இன்று காலை நாக்கைத் துருத்திக்கொண்டு, பேப்பரைத் திருப்பித் திருப்பி, மற்றவர்கள் கை கழுவப் போன பிறகும் வெட்டினாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. இன்னொரு பக்கம் மூக்குப் போல நீண்டிருந்தது. ஆனாலும் தொடங்கிய இடத்துக்கே வந்து முடிந்திருந்தது. "ரவுண்டுங்க மிஸ்" என்று கையில் வைத்துக் காட்டினாள். ரிஃபானா அவள் தலையில் கை வைத்தாள்.

இரண்டரைக்குப் பிரின்சிபால் வந்தார். சுவரில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"ரித்திகாது எங்க?"

ரிஃபானா எடுத்துக் கொடுத்தாள். "இதை அப்படியே மாட்டிரலாங்க மேம். அவளே வெட்டினது."

பிரின்சிபால் அட்டையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். இரு பக்கமும் டம்ளர் சூரியன்கள். நடுவில் அது.

"நீங்களே பாருங்க மிஸ். எல்லாக் குழந்தையும் இப்படிச் செஞ்சிருக்கு, எம்பொண்ணு மட்டும் இப்படின்னு அவங்கப்பா நினைக்க மாட்டாரா? ஏற்கெனவே வேற ஸ்கூல் விசாரிச்சிட்டிருக்காரு. இன்னும் ஒரு குழந்தை போச்சுன்னா ஜூன்ல ரெண்டு செக்‌ஷனை ஒண்ணாக்கணும். ரெண்டு மிஸ் எதுக்குன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் களைப்பாக இருந்தது. சுவரைப் பார்த்தால் அவர் சொல்வது சரியாகவும் இருந்தது. சரியாக இருக்கும்படி இவ்வளவு நேரம் செய்ததும் தான்தான் என்று ரிஃபானா நினைத்தாள். எல்லா அட்டைகளையும் பையிலிருந்து எடுத்து ஒட்ட இப்போது நேரமில்லை. அவள் டம்ளருக்குக் கை நீட்டினாள்.

மூன்று மணிக்கு அறை நிறைந்தது. ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையின் அட்டைக்குக் கீழே பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்தார்கள். சுரேந்தர் மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார். நகத்தில் செம்மண் இருந்தது. அட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார்.

"ஏனுங்க மிஸ், இது ரித்திகாதுதானுங்களே?"

பக்கத்தில் பிரின்சிபால் இன்னொரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். பெயரைத்தான் கேட்கிறார் என்பது போல ரிஃபானா அட்டையின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினாள்.

"இது என்னுது இல்லீங்கப்பா" என்றாள் ரித்திகா.

"பாருங்க, வெக்கத்தை." அவர் குனிந்து மகளின் வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவினார். "கண்ணு, இனி அழுவ வேண்டாஞ் சாமி. சனிக்கிழமை உன்னைய எங்கயும் கூட்டிட்டுப் போவல."

"சார், தெரபியை..." என்றாள் ரிஃபானா.

"வட்டமே வெட்டிப்போட்டாளுங்க. இன்னும் எதுக்குங்க அந்தப் புள்ளைய வதைக்கிறது?"

அவர் போன் அடித்தது. தெரபி டாக்டர். ஸ்பீக்கரில் போட்டு, ஆமாங்க மேடம், இனி வரலீங்க என்றார். பிறகு போனை ரிஃபானாவின் பக்கம் நீட்டினார். சிரித்துக்கொண்டிருந்தார். ரித்திகா அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, அட்டையை அல்ல, மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். பிரின்சிபால் பேச்சை நிறுத்தித் திரும்பினார். போனில் டாக்டரின் குரல் வந்தது.

"மிஸ், போட்டோ பாத்தேன். போன வாரம் வரைக்கும் அவளுக்கு வளைச்சு வெட்ட வரலை. நிறுத்தறதுன்னா உங்க வார்த்தையை நம்பித்தான் நிறுத்தணும். அவ வெட்டினதை நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களா?"