‘வாரேனுங்க’ என்ற சுவடு

1

இக்கதைக்கு வித்திட்டவள் யாரென்று எனக்குத் தெரியாது. காங்கேயம் பேருந்தில் முன்னிருக்கைப் பெண் கைப்பேசியில், “ட்ரேஸ் போடாம எங்க தப்புன்னு எப்படிங்க சொல்றது?” என்றாள். ட்ரேஸ் என்றால் சுவடு என்று வீட்டுக்கு வந்து அறிந்தேன். இறைவன் திருவடிச் சுவடு தேடும் பாடல்களில் ஊறியவனுக்கு அச்சொல் போதாதா? எழுத அமர்ந்தேன்.

2

மதிவதனி, முகில் தவழும் மருதமலையை நோக்கியபடி—

(இல்லை. அவள் இருப்பது பெருந்துறை. அங்கிருந்து மருதமலை தெரியாது. பழைய செய்யுட் பழக்கம், பெண்ணைக் கண்டால் பின்னால் ஒரு மலையை நிறுத்திவிடுகிறது.)

மதிவதனி, பாசன மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் (காயில்) கட்டும் ஒரு பட்டறையின் கணினி முன் அமர்ந்திருந்தாள். தொலைபேசியில் அழைப்பவர்க்கு விடை சொல்லி, மோட்டாரைக் கொண்டுவர நாள் குறித்துத் தரும் ஏஐ ஏஜெண்ட் ஒன்றை அவள் அங்கு அமைத்துக் கொடுத்திருந்தாள். வேலையை விட்டுத் தனியே தொழில் தொடங்கியவளுக்கு இதுவே முதல் வாடிக்கை. இது போனால் தொழிலும் போயிற்று. பட்டறைக்காரர் பாலுசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஏனம்மணி, உம்பட மிஷினு எல்லா நாளும் ஃபுல்லுங்குது. இங்க பாத்தா ஈயோட்டறோம். காயில் கருகிப்போயிக் கூப்புடறவனையெல்லாம் எடமில்லைன்னு தொரத்திப்போட்டுது. சாயங்காலம் புடுங்கிப்போடறேன்.”

“சாயங்காலம் வரைக்கும் அதுக்கு டைம் குடுத்தீங்களே, போதுங்ணா.”

“அதுக்கில்ல. உனக்குக் குடுத்தது.”

3

ஏஜெண்ட் ஒரே மூச்சில் வேலை செய்வதில்லை. கேட்கிறது, பொருள் கொள்கிறது, நாட்காட்டியைத் திறக்கிறது, விடை சொல்கிறது. ஒன்றின் முடிவே அடுத்ததன் தொடக்கம்: அந்தாதி. முதற்பாட்டில் பிழைத்த சொல் இறுதிப்பாட்டு வரை பிழையையே தொடுக்கும். வெளியே நிற்பவர்க்கோ கடைசிச் சொல் மட்டுமே கேட்கும். இடைப்பட்டவற்றை வரிவரியாய்க் காட்டும் ஓப்பன் சோர்ஸ் கருவிகள் உள்ளன, எவரும் எடுத்தாளலாம். அத்தகைய ஒன்றைப் பட்டறைக் கணினியிலேயே மதிவதனி நிறுவினாள். வாடிக்கையாளர் பேச்சு பட்டறையை விட்டு வெளியேறாது.

[நிறுவுகையில் அவள் விரல்கள் நடுங்கின என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தாள்.]

4

பதிவாகியிருந்த பழைய அழைப்புகளை அதில் ஓட்ட, அவற்றின் சுவடுகள் திரையில் விழத் தொடங்கின. ஒன்றைத் திறந்தாள். காங்கேயத்து விவசாயி ஒருவர் காயில் கட்ட என்ன ஆகும் என்று மட்டும் விசாரித்துவிட்டு, வாசலில் விடைபெறுவது போலவே, “சரிங்க, வாரேனுங்க” என்று முடித்திருந்தார். அடுத்த வரியில் ஏஜெண்டின் பொருள்கோள்: ‘வருவதாக உறுதியளித்தார்.’ அதற்கடுத்த வரியில் நாள் குறிக்கப்பட்டிருந்தது. அடுத்தடுத்த சுவடுகளிலும் இதே கதை. நாட்காட்டி நிரம்பியது இப்படித்தான்.

மதிவதனி சிரித்துவிட்டாள். “போறேன்னு சொன்னா ஆகாதுன்னு நம்மாளுக வாரேன்னு சொல்றாங்க. இது நம்பிப்போட்டுதுங்ணா.”

“அட கெரகமே! போறவனுக்கெல்லாம் எலை போட்டு வெச்சிருக்குதா?”

“சோதிக்கறப்ப எம்பட சிநேகிதிகளத்தான் பேசச் சொன்னேன். அவளுக எல்லாம் ‘ஓகே பை’ங்க.”

ஐயத்திற்குரிய சொல்லைத் திரும்ப வினவும்படி ஏஜெண்டுக்குக் கற்பித்தாள். அழைத்தவர் நாள் சொல்லாமலே நாள் குறிக்கப்பட்டால் தனக்கு மணியடிக்குமாறு கண்காணிப்பும் வைத்தாள்.

5

பாலுசாமி ஏஜெண்டைப் பிடுங்கி எறிந்தார். (எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை.) பாலுசாமி கண்ணீர் மல்கி— (அவர் மல்கமாட்டார்.)

ஆகவே கதை தானே நடக்கட்டும். பொழுது சாய்ந்தது. பாலுசாமி ப்ளக்கின் மீது கை வைத்தபோது ஓர் அழைப்பு வந்தது. விசாரித்து முடித்து, “சரிங்க, வாரேனுங்க” என்றது முதிய குரல்.

“மோட்டாரோட வாரீங்களா, இல்ல சொல்லிட்டு வெக்கிறீங்களா?” என்றது ஏஜெண்ட்.

அந்தப் பக்கம் சிரிப்பு. பிறகு, “பாக்கலாமுங்க.”

பாலுசாமி ப்ளக்கிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியை இழுத்து அவளருகே போட்டுக்கொண்டார். “இரு அம்மணி. இத என்னன்னு புரிஞ்சுக்குதுன்னு பாக்கோணும்.”

“உங்களுக்கு என்னன்னு புரிஞ்சுதுங்ணா?”

“எனக்கே தெரியலியே!”

திரையில் முதல் வரி விழுந்தது: கேட்டாயிற்று. பொருள் கொள்ளும் வரி இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதை நான் நிரப்பப்போவதில்லை. கொங்கு நாட்டில் பெண் கேட்டுப் போய், ‘பாக்கலாமுங்க’ என்ற விடையோடு ஊர் திரும்பியவர் உங்களில் எவரேனும் இருப்பீர்கள். நீங்கள் எழுதுங்கள்.