மெல்ரோய்க்கு மிஞ்சிய பாட்டுகள்

மெல்ரோயின் வலது கை கோட்டுக்குள் நுழைய மறுத்தது. உயிரோடு இருக்கும்போதே மூன்று வருடமாக அது யார் சொல்லையும் கேட்டதில்லை. ஜெசிகா கோட்டின் முதுகைக் கத்தரிக்கோலால் பிளந்து, அண்ணனுக்கு இரண்டு பக்கமாகப் போட்டுப் பொத்தானைப் பூட்டினாள். பெட்டிக்குள் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்.

உப்புவெளி ஹோட்டல்களில் அந்தக் கோட்டோடுதான் அவர் கிளாரினெட் வாசித்தார். நாலு பேர் கொண்ட சின்ன ஜாஸ் குழு. பழைய பிரெஞ்சு, இத்தாலியப் பாட்டுகளைத் தங்கள் பாணியில் வாசிப்பார்கள். பாரிசவாதம் வந்தபிறகு பேச்சு அடியோடு போயிற்று. தங்கச்சியின் பெயர்கூட வாயில் வரவில்லை. பாட்டு மட்டும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. தண்ணீருக்கு ஒரு பாட்டு, சலம் போக ஒரு பாட்டு. அர்த்தம் தெரியாத அந்தப் பாட்டுகளுக்கெல்லாம் ஜெசிகா எழும்பி எழும்பி ஓடினாள்.

இரண்டு மணிபோல் குழுவில் மிஞ்சிய மூவரும் வாத்தியங்களோடு துறைமுக வீதி வீட்டுக்கு வந்தார்கள். மாதா கோயிலில் வாசிக்க ஏலாது என்று சுவாமியார் சொல்லிவிட்டாராம், வீட்டிலென்றால் பரவாயில்லையாம். பாஸ் கிற்றார் வாசிக்கும் ஜெமீல் அவளருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, கடைசியா என்ன பாட்டுப் படிச்சவர்? அதையே வாசிப்பம்."

ஜெசிகா சொன்னாள். நேற்று விடிய அவர் ஒரு பாட்டைத் தொடங்கினார். தண்ணீர் பருக்கினாள், துணி மாற்றினாள், புரட்டிப் படுக்கவைத்தாள். அவர் நிறுத்தவில்லை.

"எனக்கு ஏலாமப் போச்சு, ஜெமீலண்ணை. வாயை மூடுங்கோ எண்டு கத்திப்போட்டன். மூடினவர்தான். மத்தியானம் போயிட்டார்."

ஜெமீல் நிலத்தைப் பார்த்தபடி, அந்தப் பாட்டு எப்படிப் போகும் என்று கேட்டார். அவள் சுருதி சேராமல் இரண்டு வரி முனகினாள்.

"அது சும்மா சந்தோசத்தில படிக்கிறது, தங்கச்சி," என்றார் அவர். "ஒண்டும் கேட்டுப் படிச்சிருக்கமாட்டார்."

அவள் தலையாட்டினாள்.

மூவரும் வாசித்தார்கள். கிளாரினெட் வரவேண்டிய இடங்களை அப்படியே வெறுமையாய் விட்டார்கள். இரண்டாவது சுற்றில் ஜெசிகாவின் தலை சுவரில் சாய்ந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது. மூன்று நாளாகக் கண்மூடாதவள் கதிரையிலேயே உறங்கிப்போனாள்.

பாட்டு முடியும்போது வாசலில் பிரேத வான் வந்து நின்றது. கிற்றாரை மடியிலிருந்து இறக்கப்போன கனகசுந்தரம் ஜெமீலைப் பார்த்தார். ஜெமீல் வான்காரருக்குக் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டு, இன்னும் மெதுவாக, முதலிலிருந்து தொடங்கினார்.