முதல் ஊசி பெரியவருக்கு

அந்தக் குழந்தைகள் கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்தாலும், கூட வந்த பெரியவருக்கு முதலில் செய்துவிட்டுத்தான் பிள்ளைக்குச் செய்வார்கள். நாக்கை நீட்டச் சொன்னால் அப்பா முதலில் நீட்ட வேண்டும். காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதென்றால் அத்தை காதுதான் முதல் காது. தடுப்பூசி என்றால், ஊசி மாட்டாத வெறும் சிரிஞ்சை அம்மாவின் கையில் ஒரு அழுத்து அழுத்துவார்கள். அம்மா "வலிக்கவே இல்லையே" என்று பல்லைக் காட்ட வேண்டும். இதனால் எத்தனையோ அப்பாக்களின் காதழுக்கு ஊருக்கே வெளிச்சமானது. போகட்டும், பிள்ளைகளின் அழுகை குறைந்ததே.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் டாக்டர் அண்ணி. நர்ஸ் வேலை பார்க்கும் நாத்தனார் வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வரும் பிள்ளைகளும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

குழந்தை மருத்துவர்களுக்குத் தோள்கொடுத்துவந்த ஓர் அறக்கட்டளை இந்த வருடம் ஒரு வேன் தருவதாக இருந்தது. இருந்தது ஒரே வேன், கேட்டவர்களோ ஏகப்பட்ட டாக்டர்கள். பஸ் கிடைக்காமல், காய்ச்சல் முற்றிய பிறகு தூக்கிவரப்படும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து டாக்டர் அண்ணிக்கு வயிறு எரிந்துகிடந்தது. வேன் இருந்தால் அவளே அவர்களிடம் போய்விடலாம். அறக்கட்டளைத் தலைவர் நேரில் வந்து, பிள்ளைகள் டாக்டரிடம் பயமில்லாமல் இருக்கிறார்களா என்று பார்த்துத்தான் முடிவு சொல்வாராம்.

"இன்னிக்கு நம்ம வழக்கத்துல ஒரு நூல்கூட பிசகக் கூடாது. யாரு வந்தாலும் அதே முறைதான்" என்று காலையிலேயே நாத்தனாரிடம் சொல்லிவைத்தாள்.

"சரி அண்ணி" என்றாள் நாத்தனார். அதோடு விட்டிருந்தால் எந்த வம்பும் இல்லை. ஆனால் அவள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள்.

தலைவர் சொல்லாமல் கொள்ளாமல் தனியாக வந்தார். காலியாக இருந்தது பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றுதான். அதில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் இரட்டைச் சடைச் சிறுமி ஒருத்தி. அவளுடைய அப்பா ஸ்கூட்டரை ஓரங்கட்டப் போயிருந்தார். நாத்தனார் வந்து தடுப்பூசிக்குக் கூப்பிட்டதும் சிறுமி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் சுற்றுமுற்றும் பார்த்தாள். கைக்கு எட்டிய பெரியவர் ஒருவர்தான்.

"ஐயா, சட்டைக் கையை ஏத்துங்க."

"நானா? நான் சும்மா பார்க்க வந்தேன்மா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. ஏத்துங்க."

தலைவருக்கு முகம் வெளுத்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தடுப்பூசி போட ஏற்பாடு செய்த அந்த மனுஷர், ஊசியைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவர். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர் அண்ணி ஆளை அடையாளம் கண்டு பதறினாள். வேண்டாம் என்று நாத்தனாருக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள். நாத்தனாரோ, "நீங்கதான அண்ணி சொன்னீங்க, யாரு வந்தாலும்னு" என்றபடி சிரிஞ்சை அழுத்தினாள். தலைவர் ஈரத் துணிபோல நாற்காலியிலிருந்து வழிந்து தரையில் படுத்துவிட்டார்.

வேன் போச்சு என்று டாக்டர் அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

சிறுமி இறங்கிவந்து குனிந்து பார்த்தாள். "தாத்தா, அதுல ஊசியே இல்ல."

தலைவர் ஒரு கண்ணைத் திறந்தார். "இல்லையா?"

"இல்ல. எங்கப்பாகூட மொதல்ல ஏமாந்துட்டாரு."

தலைவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். சிறுமி பெருமூச்சு விட்டாள். பிறகு டாக்டரிடம் கையை நீட்டினாள். "எனக்கு நெஜ ஊசி போடுங்க டாக்டர் அண்ணி. தாத்தா பார்க்கட்டும். பாவம், ரொம்ப பயப்படுறாரு."

அப்போதுதான் ஹெல்மெட்டும் கையுமாக உள்ளே நுழைந்த அவள் அப்பா, ஒன்றும் புரியாமலே தலையாட்டினார். டாக்டர் அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொருவருக்குத் தைரியம் சொல்ல எந்தப் பிள்ளையும் இதுவரை அவளிடம் கையை நீட்டியதில்லை. ஊசி இறங்கியதும் சிறுமியின் உதடு கோணியது. தலைவரைப் பார்த்தாள், கோணிய உதட்டை இழுத்துச் சிரித்தாள். "வலிக்கவே இல்லையே" என்றாள். பச்சைப் பொய்.

தண்ணீர் குடித்துத் தெளிந்த தலைவரிடம் டாக்டர் அண்ணி கைகூப்பினாள். "மன்னிச்சிடுங்க ஐயா. வேன் பத்தி இனிமே நான் பேச மாட்டேன்."

"வேன் உங்களுக்குத்தான்மா" என்றார் தலைவர். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நான் விழுந்தது மட்டும் வெளிய தெரிய வேண்டாம். அப்புறம், சாவி குடுக்க எங்க பொருளாளர் வருவாரு. பெரிய வீராதிவீரர்னு நெனப்பு. அவருக்கு நெஜ ஊசியே போட்டுடுங்க."

டாக்டர் அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் மனசு எப்போதோ வேனில் ஏறிப் போய்விட்டது.

"சரிங்கய்யா" என்று நாத்தனார்தான் பதில் சொன்னாள்.