இரண்டாம் வருகை

காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர்களில் அடைக்கலமேரியின் தொண்டைக்கு ஈடு கிடையாது. ஏலத்தில் சத்தம் நின்றால் விலை விழுந்துவிடும் என்பதால் அவளுக்கு மௌனம் என்றாலே ஆகாது. வீட்டில் யாரும் இல்லாவிட்டால் குக்கரோடாவது பேசிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள், அடுத்தவர் பேசுவதைக் கேட்கும் ஆற்றுப்படுத்தல் பயிற்சியில் போய்ச் சேர்ந்தாள் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

அவளுக்கு அது விளையாட்டில்லை. குடியால் நொந்தவர்களும் கடலில் ஆளைப் பறிகொடுத்தவர்களும் மனம்விட்டுப் பேச, மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை திறக்கப் போவதாகப் பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். பயிற்சி முடித்தவர்தான் அதில் உட்காரலாம். அந்த நாற்காலி தனக்கு வேண்டும் என்று அடைக்கலமேரி தவியாய்த் தவித்தாள். ஏலம் முடிந்ததும் குளித்து, மீன் வாடை போகப் பவுடரை அப்பிக்கொண்டு, ராயபுரத்து மாதா கோயிலை ஒட்டிய மாடியில் நடக்கும் வகுப்புக்கு ஓடுவாள். மனம், குடும்பம், மறைநூல் என்று எல்லாத் தேர்விலும் தேறியும் விட்டாள்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். நிஜமான ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவர் யாரும் கூப்பிடாமல் தானாக மறுபடி வர வேண்டும். மாணவர்கள் அதற்கு ‘இரண்டாம் வருகை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்று பேர் வரை வாய்ப்பு உண்டு.

முதலில் வந்தவன் பாரி, எண்ணூரில் வேலை பார்க்கிற இளைஞன். தூக்கம் வரவில்லை என்று ஆரம்பித்தான், அவ்வளவுதான். பாலில் ஜாதிக்காய், மேஸ்திரியோடு சமாதானம், வருகிற தை மாதம் கல்யாணம் என்று அடைக்கலமேரி அவன் வாழ்க்கையையே முடித்துக் கொடுத்தாள். அவன் திரும்பி வரவில்லை. இரண்டாவதாக வந்த ராஜாத்தி அழ வாய் திறந்ததுமே இவள் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டாள். உருக்கமான, நீளமான ஜெபம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் நாற்காலி காலி.

பயிற்சி கொடுக்கும் சிஸ்டர் ஜெசிந்தா திட்டவில்லை. கண் தெரியாத ஒருவன் வழியோரம் கூவிக் கூப்பிட்டபோது, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவர் கேட்டாரே, அதை நினைவுபடுத்தினார்.

“அவனுக்கு என்ன வேணும்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கேட்டார். நீங்க தெரியாமலே சொல்றீங்க.”

அது சுருக்கென்று தைத்தது.

கடைசி வாய்ப்பாக வந்தவள் தண்டையார்பேட்டை பதுருன்னிசா. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகன், பெண்டாட்டி பிள்ளைகளோடு துபாய்க்குப் போய்விட்டான். அதிலிருந்து அவள் வாசலுக்கே வருவதில்லை என்று சொந்தக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். அடைக்கலமேரிக்கு மனசு இளகி, ஆறுதல் வார்த்தைகள் நாக்கு நுனியில் வந்து முட்டின. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்டாள்.

“நான் உனக்கு இன்னாம்மா செய்யணும்?”

பதுருன்னிசா தரையைப் பார்த்தாள். ஃபேன் சுற்றியது. வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மூலையில் சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். தொண்டை அரிக்க, அடைக்கலமேரி முந்தானையைக் கயிறாக முறுக்கினாள்.

“யார்கிட்டயும் சொல்லாதக்கா,” என்று பதுருன்னிசா மெல்ல ஆரம்பித்தாள். “புள்ள போனதுலேருந்து எல்லாரும் வந்து ஆறுதல் சொல்லிகினு கீறாங்க. நானும் அவுங்களுக்காவ அழுதுகினு கீறேன். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா கீது. விடிகாலைல ஃபஜர் தொழுதுட்டு மறுபடி படுத்துத் தூங்குறேன். எனக்குப் புடிச்ச கொழம்பு வெக்கிறேன். பெத்தவ இப்புடி இருக்கலாமா?”

கைவசம் இருந்த ஆறுதல் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. தாராளமாக இருக்கலாம் என்று வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, அடைக்கலமேரி “ம்” என்றாள். அந்த ஒரு ‘ம்’முக்குப் பின்னால் பதுருன்னிசா மடை திறந்தாள். மகன் தங்கம், மருமகளும் குறை சொல்ல முடியாதவள். ஆனால் இத்தனை வருடமாகத் தான் அடுப்படியை விட்டு நகர்ந்ததில்லை. பிள்ளை மேல் பாசம் வேறு, உடம்புக்கு ஓய்வு வேறு என்று கடைசியில் அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவளும் சிரித்தாள். மறுபடி வருகிறேன் என்று சொல்லாமலே பதுருன்னிசா போய்விட்டாள்.

அடைக்கலமேரிக்குச் சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வந்தன. அவள் பாரம்தான் இறங்கிவிட்டதே, இனி எதற்கு வருவாள் என்று சிஸ்டரிடம் புலம்பினாள்.

அடுத்த வாரம் அதே நேரத்துக்கு அடைக்கலமேரி வந்து உட்கார்ந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நாற்காலி ஆசையை ஏறக்கட்டிவிட்டுப் பையை எடுத்தபோது, கீழே கேட்டருகில் ஏதோ தகராறு கேட்டது. வாட்ச்மேன் நீலமேகம் முன்பு காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கியவர். அவருக்கு இவளை நன்றாகத் தெரியும்.

“பேசாத அம்மாவா? அப்புடி யாரும் இங்க கெடையாதும்மா. மேரின்னு ஒருத்தி வருது. அது வாயத் தெறந்தா மூட வெக்க ஆள் பொறக்கல. நீ எடம் மாறி வந்துட்ட.”

“இல்லப்பா, இங்கதான். பேரு கேக்காம போயிட்டேன். நாத்தனாருக்கும் பேசணுமாம், கூட்டினு வந்துகீறேன்.”

செருப்பைக்கூட மாட்டாமல் அடைக்கலமேரி படி இறங்கி ஓடினாள். பதுருன்னிசாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகையும் சிரிப்பும்தான் வந்தன.

பதுருன்னிசா வாட்ச்மேன் பக்கம் திரும்பினாள்.

“இவுங்கதான். பாரு நைனா, இப்பகூட ஒரு வார்த்த பேசுறாங்களா?”