தம்பிக்குச் செதுக்கின பரிசு வாள்

எங்க பட்டறையில ரெண்டு வகை வாள் செய்வோம். ஒண்ணு வெட்டுறதுக்கு. இன்னொண்ணு பட்டாளத்து அதிகாரிங்களுக்கு மேடையில கைதட்டிப் பரிசா கொடுக்கறதுக்கு. பரிசு வாளுக்குப் பிடியெல்லாம் தங்க முலாம், அலகு முழுக்கக் கொடியும் பூவும். கூர் மட்டும் வைக்க மாட்டோம். சுவத்துல மாட்டலாம், போட்டோ எடுத்துக்கலாம், அவ்வளவுதான் அதோட லட்சணம். அந்த அலகுல செதுக்கறது என் வேலை.

என் தம்பி குதிரைப்படையில கேப்டன். ஆத்து வெள்ளத்துல மாட்டின தன் ஆளுங்க பதினெட்டு பேரை உயிரோட கரை சேர்த்தான். அவனுக்கு ஒரு பரிசு வாள் வேணும்னு அந்தப் பதினெட்டு பேரும் எங்க பட்டறைக்கே வந்து நின்னாங்க. எனக்குத் தலைகால் புரியல. "வேற எவனாவது இதுல கை வெச்சீங்க, தொலைச்சுடுவேன்"னு எல்லாரையும் விரட்டிட்டு உளியை எடுத்தேன். பூ, கொடி, நடுவுல அவன் பேரு. வரைபடத்துல இருந்ததைவிட ஆழமாவே வெட்டினேன். முதலாளி எட்டிப் பார்த்து, "போதும்மா, இரும்பு தாங்காது"ன்னாரு.

"உங்க தம்பிக்கா செய்யறேன்? போய் உங்க வேலையைப் பாருங்க"ன்னேன். என் வாய் அப்படி.

பரிசு கொடுத்த அன்னைக்கு அவன் அதை உருவி என் பக்கமா தூக்கிக் காட்டினான். 'இதைச் சண்டைக்குக் கொண்டுபோயிடாதடா'ன்னு சொல்லத்தான் நினைச்சேன். அவன் சிரிச்ச சிரிப்பைப் பார்த்ததும் மனசு வரல. குதிரைப்படைக்காரனுக்குத் தெரியாததான்னு சும்மா இருந்துட்டேன். பாவி.

நாலு மாசத்துல சாவுச் செய்தி வந்துச்சு. அடுத்த வாரம் முதலாளி ஒரு நீளப் பெட்டியை என் மேசையில வெச்சுட்டுப் போயிட்டாரு. உள்ளே அந்த வாள், ரெண்டு துண்டா. எதிராளி வெட்டினப்போ இதாலதான் தடுத்திருக்கான்னு கூட வந்த கடுதாசியில இருந்துச்சு. சரியா அவன் பேரு மேல, நான் ஆழமா வெட்டின இடத்துல முறிஞ்சிருந்துச்சு. அதை ஒட்டவெச்சுத் தரணுமாம், தலைமையகத்துல மாட்டுவாங்களாம்.

பெட்டியைத் தூக்கிட்டு நேரா தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் பொண்டாட்டி முன்னாடி துண்டு ரெண்டையும் போட்டு, "நான்தாம்மா அவனைக் கொன்னுட்டேன்"னு எல்லாத்தையும் சொன்னேன். அடிப்பா, கத்துவான்னு பார்த்தேன்.

அவ எழுந்து போய் பீரோவைத் திறந்தா. பட்டாளத்துல சண்டைக்குன்னு கொடுத்த வாளை எடுத்துட்டு வந்தா. சாணை பிடிச்ச அலகு, ஒரு கீறல் இல்ல.

"அவருக்கு வித்தியாசம் தெரியும், அண்ணி. கிளம்பும்போது இதைத்தான் நான் கையில கொடுத்தேன். 'அக்கா ரெண்டு மாசம் கண்ணு வலிக்கச் செதுக்கினதை வீட்ல போட்டுட்டுப் போனா, அவ மூஞ்சி வாடிடும்'னு சொல்லி, இதைத் திருப்பி உள்ளே வெச்சுட்டாரு."

அடப்பாவி. வாடினா வாடிட்டுப் போகுதுன்னு விட்டிருக்கக் கூடாதாடா?