ஏழாவது சன்னலில் என்ன சொல்ல வேண்டும்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், நோயாளி வீட்டுக்குக் கிளம்பும்போது ஏழாவது சன்னலில் என்ன வார்த்தை சொல்கிறாரோ, அதுதான் சிகிச்சையின் முடிவு. ஊசி, மாத்திரை, ஆக்சிஜன் எல்லாம் அந்த வார்த்தை வரைக்கும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு. இதில் ஒளிவுமறைவு கிடையாது. சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

என் நாத்தனார் ஆவுடையம்மாளை அங்கேதான் சேர்த்திருந்தேன். நிமோனியா. அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கென்று தனி வார்டு. அவளுக்கு அறுபத்தொன்பது, எனக்கு எழுபத்திரண்டு. அவள் அண்ணனைத்தான் நான் கட்டியிருந்தேன். அவர் தவறிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவள் வீட்டுக்காரர் அதற்கும் முன்னால். அதுவரைக்கும் ஒரே தெரு. அன்றிலிருந்து ஒரே வீடு, ஒரே அடுக்களை, நாளைக்கு நாலு சண்டை. அவள் இல்லாமல் வீடு திரும்பினால் நான் யாரிடம் பேசுவது? சுவரிடமா? அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் நாள் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சின்ன வயசு, காதில் சின்னத் தோடு. வலது நெஞ்சின் அடியில் ஒரு திட்டு வெள்ளையாகத் தெரிந்தது. சதுரமாக இருந்தது.

"சளி கட்டியிருக்கு" என்றார்.

ஆவுடை மூச்சு வாங்க வாங்கப் பார்த்தாள். "சளி இல்லம்மா. அது எங்க அடுக்களைச் சன்னலு."

நானும் எட்டிப் பார்த்தேன். எங்கள் சன்னல்தான். இரண்டாவது கம்பி வளைந்திருந்தது.

"எத்தனை நாளா இருக்கு?"

"வீடு கட்டுனதுலேருந்து இருக்கு" என்றேன்.

டாக்டரம்மா குறித்துக்கொண்டார். அப்புறம் வயதானவர்களிடம் கேட்கிற கேள்வியைக் கேட்டார். புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

"பாட்டி, இன்னைக்கு என்ன கிழமை?"

அன்று வெள்ளிக்கிழமை. ஆவுடை காய்ச்சலில் "புதன்" என்றாள்.

டாக்டரம்மா மற்றப் படுக்கைகளைப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. மறுக்க மூச்சு வேண்டும். ஆகவே வார்டில் புதன்கிழமை ஆகிவிட்டது.

மறுநாளும் புதன். அதற்கு மறுநாளும் புதன். ஏழு நாள் ஊசி என்று எழுதியிருந்தார்கள். நர்ஸ் தினமும் வந்து முதல் நாள் ஊசியைப் போட்டுவிட்டுப் போனாள். ஏழாவது நாள் வருவதற்கு வழியில்லை. கேன்டீனில் புதனுக்குப் பூசணிக்காய்க் கூட்டு. இருபத்திரண்டு பூசணிக்காய்க் கூட்டு சாப்பிட்டேன். நான் நோயாளிகூட இல்லை.

நான் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். அங்கிருந்துதான் சன்னல் சமாசாரம் எல்லாம் தெரிந்தது.

பக்கத்துக் கட்டில் செல்லக்கனி. அவள் தேறிக் கிளம்பும்போது ஏழாவது சன்னலில் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டாள்.

"அதுல என்ன தப்பு? எல்லாரும் சொல்லுததுதான" என்றேன்.

"கல்யாண வீட்டுல சொல்லலாம். ஆஸ்பத்திரில சொல்லலாமா? வாரேன்னு சொன்னா வரணும்லா" என்றாள் செல்லக்கனி.

அப்படியே வந்துகொண்டிருக்கிறாள். பதினான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் சன்னலில் வாய் தன்னால் அதையே சொல்லிவிடுகிறதாம். கண்ணால் நானே பார்த்தேன். முதலில் அவள் செருப்பு வரும். கட்டிலுக்கு அடியில் வந்து ஜோடியாக நிற்கும். கொஞ்சம் கழித்து இருமல் வரும். அதற்கும் அப்புறம்தான் ஆள்.

எதிர்க் கட்டில் ஞானமுத்து, தச்சு வேலை பார்த்தவர். பூசணிக்காய்க் கூட்டின் மேல் உள்ள கோபத்தில் "சரிதான், நான் போறேன்" என்று சன்னலில் சொல்லிவிட்டார். அவர் மெத்தையைத் திருப்பிப் போட்டார்கள். தம்ளர் மட்டும் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. அதில் தினமும் பால் ஊற்றுகிறார்கள். தினமும் காலியாகிறது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நானே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆள் மாசிலாமணி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சன்னலில் என்ன சொல்வது என்று தெரியாமல் முழித்து, பழக்க தோஷத்தில் "போலாம், ரைட்" என்று சொல்லிவிட்டார். நடைபாதை நகர்ந்துவிட்டது. அவர் சீட்டில் முடிவு எழுதுகிற கட்டத்தில் "ஓட்டத்தில்" என்று எழுதினார்களாம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வார்டு வாசலில் விசில் சத்தம் கேட்கும். ஒரு கை கம்பியைப் பிடித்தபடி கடந்து போகும்.

நான் கதை கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆவுடை கூப்பிடுவாள்.

"மதினி, தண்ணி."

"இந்தா வாரேன்."

"நீங்க இந்தா வாரேன்னு சொன்னா, உலை வச்சு சோறு வடிச்சிரலாம்."

அது உண்மை. நாற்பது வருஷமாக அப்படித்தான். அவள் வாசலில் நின்று கூப்பிடுவாள், நான் இந்தா வாரேன் என்பேன், அதற்கப்புறம் இரண்டு வீட்டில் பேசிவிட்டுத்தான் போவேன்.

அவளுக்கு மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொடுத்திருந்தார்கள். உள்ளே மூன்று பந்து. குழாயை வாயில் வைத்து இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டும். ஆவுடைக்கு ஒரு பந்துதான் ஏறியது. அதுவும் பாதி தூரம். ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டிய கிளிப்பில் தொண்ணூற்றொன்று என்றே நின்றது.

ஒரு நாள் நர்ஸ் ஊசி போடும்போது கேட்டேன். "ஏம்மா, நாளைக்கும் முதல் நாள்தானா?"

"கிழமை மாறுனாத்தான் மாறும்."

"கிழமையை யார் மாத்தணும்?"

"யார் சொன்னாங்களோ அவங்கதான்."

அப்போதே ஆவுடையின் காதில் ஓத ஆரம்பித்தேன். வியாழன், வியாழன், வியாழன். பல் விளக்கும்போது வியாழன். கஞ்சி குடிக்கும்போது வியாழன்.

"ஏட்டி, டாக்டரம்மா கேட்டா என்ன சொல்லுவ?"

"என் மதினிக்கு வாய் வலிக்காதான்னு கேப்பேன்."

"கிழமையைச் சொல்லுட்டி."

"சொல்லுதேன். தொணதொணக்காதிய."

மறுநாள் டாக்டரம்மா கேட்டார். ஆவுடை என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேண்டுமென்றே கொஞ்ச நேரம் காக்க வைத்தாள். அப்புறம் "வியாழன்" என்றாள்.

வார்டு முழுக்க ஒரு பெருமூச்சு. நர்ஸ் வந்து ஏழாவது நாள் ஊசியைப் போட்டாள். நடுவில் உள்ள நாட்களை அவள் கேட்கவில்லை. ஆவுடை குழாயை இழுத்தாள், இரண்டு பந்து ஏறியது. கிளிப்பில் தொண்ணூற்றாறு. எக்ஸ்ரேயில் சன்னல் இருந்தது, ஆனால் மூடியிருந்தது.

"தேறிட்டாங்க. ஏழாவது சன்னலுக்குப் போங்க" என்றார் டாக்டரம்மா.

ஏழாவது சன்னலுக்கு ஒரு நடைபாதை உண்டு. கூட நடக்கிற நோயாளியின் மூச்சுக்குத் தக்கபடி அது நீளும். மூச்சை இழுக்கும்போது நீளும். விடும்போது சுருங்கும். நோயாளிகளுக்கு மூச்சு சின்னது, ஆகவே பாதையும் சின்னது.

"விடும்போது நடங்க, இழுக்கும்போது நின்னுக்கோங்க" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். பந்துப் பெட்டியை ஆவுடையே தூக்கிக்கொண்டாள்.

வழியெல்லாம் யோசனை. போறேன் சொல்லக் கூடாது. வாரேன் சொல்லக் கூடாது. ரைட் சொல்லக் கூடாது.

"கிளம்புதோம்னு சொல்லிரு" என்றேன். "அதுல போறதும் இல்ல, வாரதும் இல்ல."

"நீங்க ஒண்ணும் பேசாம இருங்க. அது போதும்."

"நான் ஏன் பேசப் போறேன்?"

"அதைச் சொல்லும்போதே பேசிட்டுத்தான் இருக்கிய."

சன்னலில் ஆள் கிடையாது. ஒரு கை மட்டும் இருந்தது. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, விரலிடுக்கில் பேனா. குரல் கையிலிருந்து வந்தது.

"பேரு?"

"ஆவுடையம்மாள்."

"சொல்லுங்க."

"கிளம்புதோம்" என்றாள் ஆவுடை.

கை எழுதவில்லை. "அது ஆரம்பம். நான் கேக்குறது முடிவு. கிளம்பி?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்குப் போறீங்களா, போயிட்டு வாரீங்களா?"

ஆவுடை வாயை மூடிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நல்லாயிட்டுன்னு எழுதிக்கிடுங்களேன். நல்லாத்தான இருக்கா? பாருங்க, கன்னத்துல சதைகூட வச்சிருக்கு."

கை என் பக்கம் திரும்பியது. "நீங்க யாரு?"

"மதினி."

"மதினிக்குக் கீழ்க் கட்டம். கடைசியில கேப்பேன்."

எங்களுக்குப் பின்னால் ஒரு தாத்தா நின்றார். "தாயி, சட்டுன்னு சொல்லிட்டுப் போங்க. நான் மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கேன்" என்றார். அவர் முகம் நீலமாக இருந்தது. எத்தனை நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டேன். ஆடி மாசத்திலிருந்து என்றார். ஆடி மாசத்தில் எங்கள் தெருவில் நடந்த ஒரு விசேஷம் ஞாபகம் வந்தது, அதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஆவுடை பார்த்தாள். எந்தக் கல்யாண வீட்டிலும் என்னைப் பேச்சிலிருந்து பிய்த்து எடுப்பது அவள் வேலைதான். சன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். நாற்பது வருஷம் சொன்னதைச் சொன்னாள்.

"வாங்க மதினி, வீட்டுக்கு."

கை சடாரென்று எழுதியது. "வாங்க, வீட்டுக்கு." எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தது.

"நல்ல முடிவு. இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல" என்றது.

பக்கத்துக் கதவு திறந்தது. வெளியே இன்னொரு நடைபாதை, அதன் கடைசியில் எங்கள் அடுக்களை. ஆவுடை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பதினாறு அடி வைத்திருப்பாள். உள்ளே நுழைந்துவிட்டாள். தாளிக்கிற கரண்டியை எடுத்துக் கழுவுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் வீட்டில் இருக்கிறாள். போகவில்லை, திரும்பி வரப்போவதும் இல்லை. வீட்டில் இருக்கிறாள்.

"மதினி பதில்?" என்றது கை. பேனா கீழ்க் கட்டத்துக்கு வந்திருந்தது.

யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதே நேரம் அடுக்களையிலிருந்து அவளும் கூப்பிட்டாள். "மதினி!"

"இந்தா வாரேன்" என்றேன்.

கை எழுதியது. ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக எழுதியது. கடைசியில் புள்ளியும் வைத்தது. சன்னலைச் சாத்திவிட்டது.

அன்றிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன்.

பாதை நன்றாகத்தான் இருக்கிறது. தரை துடைத்திருக்கிறார்கள். கடைசியில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறது. தபால் தலை அளவு. உற்றுப் பார்த்தால் இரண்டாவது கம்பி வளைந்திருப்பது தெரியும். சுவர் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் சூடு. கை வைத்தால் சுவர் உள்ளே போய் வெளியே வருவது தெரிகிறது.

மத்தியானம் விசில் கேட்கும். மாசிலாமணி கம்பியைப் பிடித்தபடி கடந்து போவார்.

"ஏறுதியளா தாயி?"

"எங்க போகுது?"

"அதை எழுதல" என்று சொல்வதற்குள் போய்விடுவார்.

ஒரு தடவை டாக்டரம்மா எதிரே வந்தார். என் விரலில் கிளிப்பை மாட்டினார். அது எதையும் காட்டவில்லை. "இன்னைக்கு என்ன கிழமை?" என்று என்னைக் கேட்டார். வியாழன் என்றேன். சரி என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆவுடையின் குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரியே வருகிறது. அவள் குரலில் இருமல் இல்லை. சில சமயம் நான் சதுரத்துக்கு மிக அருகே போய்விடுவேன். அடுக்களைத் தரையில் அவள் நிழல்கூடத் தெரியும். இன்னும் பத்தடிதான். அப்போது அவள் அந்தப் பெட்டியை எடுப்பாள். டாக்டரம்மா சொன்னபடி, வேளை தவறாமல். குழாயில் வாயை வைப்பாள். டக். டக். டக். மூன்று பந்தும் ஏறி மேலே முட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

பாதை நீண்டுவிடும். சதுரம் மறுபடியும் தபால் தலை ஆகிவிடும்.

நல்ல மூச்சு. ஆழமான மூச்சு. அவள் சின்ன வயசில்கூட இப்படி இழுத்ததில்லை. போதும் நிறுத்துட்டி என்று நாக்கு நுனி வரைக்கும் வருகிறது. எனக்கு வாய் அடங்காது என்று ஊருக்கே தெரியும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கிவிடுகிறேன். அவள் மூச்சை வெளியே விடுகிற வரைக்கும் நின்றுகொள்கிறேன். விடும்போது நடக்கிறேன்.

இப்போது பக்கத்தில்தான் இருக்கிறேன். அரிசி வேகிற வாசம் வருகிறது.

"மதினி, எங்க இருக்கிய? சோறு குழையுது."

"கொஞ்சம் தண்ணி ஊத்துட்டி. இந்தா வாரேன்."