வெயிலில் வைத்த பேட்டரி

1987 மார்ச் 11, புதன்கிழமை காலை 5.20 மணிக்கு, மலேசியாவின் புக்கிட் பெலண்டோக் சாலையில், சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி மாயாண்டியைப் பின்னால் வந்த மரலாரி அடித்துக் கொன்றது. வயது 44. சைக்கிளில் பின்விளக்கு இல்லை.

அடுத்த வீட்டுக்காரி பஞ்சாலை, பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் தன் கணவன் சன்னாசியின் சைக்கிளுக்கு ஒரு சிவப்பு விளக்கு செய்துவிட்டாள். மின்னணுத் தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிப்பது அவள் வேலை. சோப்பு டப்பாவில் எட்டு எல்.இ.டி., இரண்டிரண்டாகக் கோத்தது. ஆறு டார்ச் பேட்டரி. நடுவில், எப்போதும் ஐந்து வோல்ட்டே கொடுக்கும் 7805 ரெகுலேட்டர். தொழிற்சாலை மேசையில் ஒன்பது வோல்ட்டில் நான்கு மணி நேரம் எரியவிட்டுப் பார்த்திருந்தாள்.

ஏப்ரல் முதல் வாரம் ஒரு காலை, முச்சந்தியில் தொழிற்சாலை பஸ்ஸுக்காக நின்றாள். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று சன்னாசி அவளைத் தாண்டி மிதித்துப் போனான். பனிமூட்டத்தில் அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. மேட்டிலிருந்து மரலாரி இறங்கும் சத்தம் கேட்டது. புள்ளி மங்கியது. பிறகு காணவில்லை.

"இந்தாங்க! லாரி! ஓரமா எறங்குங்க!"

லாரி அவளைக் கடந்தது. நீளமாக ஒரு ஹார்ன், ஏதோ தகரம் உருளும் ஓசை. லாரி நிற்கவில்லை. பஞ்சாலை செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். சன்னாசி சாலையோரக் கால்வாய்க்குள் சைக்கிளோடு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை கிழிந்திருந்தது.

"ஒன் பேக்டரி வெளக்கு கால வாரிடுச்சிலா, புள்ள."

"முந்தாநாளுதான புது பேட்டரி போட்டேன்!"

"அத மாரியம்மாக்கா டார்ச்சுக்குக் குடுத்துட்டேன். மாயாண்டி அண்ணன் இல்லாத வீடு, பாவம். பழச ரெண்டு நாளு கூரைல காயவெச்சிருந்தேன், அதப் போட்டேன். கெளம்பறப்ப பளிச்சுன்னு எரிஞ்சிச்சே!"

வாய்வரை வந்த வசவை அவள் விழுங்கிக்கொண்டாள். தீர்ந்த பேட்டரியைத் தகரக் கூரையில் காயவைக்காத வீடு அந்தத் தொழிலாளர் லயத்தில் கிடையாது. அதைச் சொல்லித் திருத்துவதற்குள் இன்னொருவன் செத்துப்போவான்.

இரவல் வாங்கிய வோல்ட்மீட்டரில் அளந்தாள். வெயில் கண்ட ஆறு பேட்டரியும் சேர்ந்து முதலில் எட்டு வோல்ட் காட்டின. விளக்கு எரிந்த சில நிமிடத்தில் ஆறுக்கு விழுந்தன. ஐந்து கொடுக்க 7805க்குக் குறைந்தது ஏழு வோல்ட் வேண்டும். ஆறு கிடைத்தால் நாலுதான் கொடுக்கும். நாலில் அந்த ஜோடி எல்.இ.டி. மங்கித் தெரியாமல் போகும். தொழிற்சாலை மேசையில் சோதித்தபோது, இப்படிச் சக்தி இறங்கின பேட்டரியை அவள் வைத்துப் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை சிரம்பான் நகரத்துக்குப் போனாள். ரேடியோ சாமான் விற்கும் திருநாவுக்கரசு சிரித்தார்.

"சைக்கிள் வெளக்குக்கு என்ன தங்கச்சி இவ்வளவு யோசனை? இன்னும் ரெண்டு பேட்டரி சேத்துக்க. 7805 போதும்லா."

"எட்டையும் காயவெப்பாங்க அண்ணே. பேட்டரி அஞ்சரைக்கு எறங்கினாலும் அஞ்சு வரணும்."

அவர் சிரிப்பை நிறுத்தி ஒரு டப்பாவை இழுத்தார். "அப்ப இந்த ரெகுலேட்டர். கார் ரேடியோல போடறது. அஞ்சுக்கு மேல அரை வோல்ட் இருந்தாப் போதும். ஆனா வெல நாலு மடங்கு. கரண்ட் வெளிய வர்ற கால்ல பெரிய கப்பாசிட்டர் வை, இல்லாட்டி ஆட்டம் காட்டும்."

இரண்டையும் வாங்கிவந்து, 7805ஐக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தினாள்.

திங்கட்கிழமை காலை அதே ஆறு பழைய பேட்டரியைத்தான் போட்டாள். முந்தின நாள் முழுக்க அவளே கூரையில் காயவைத்தவை.

"அணைஞ்சா கத்து. ஒன் தொண்டையே ஹார்ன்தான்" என்றான் சன்னாசி.

"வாய மூடிட்டு ஓரமாப் போங்க."

முச்சந்தியில் நின்று பார்த்தாள். புள்ளி சிறுத்துக்கொண்டே போனது. 5.25க்கு மேட்டிலிருந்து லாரி இறங்கியது. புள்ளி அப்படியே இருந்தது. லாரி வேகம் குறைத்து, வலது பக்கம் ஒதுங்கி, அதைக் கடந்து போனது.

5.40க்குப் பிரட்டில் சன்னாசி பேர் கொடுத்தான்.